முட்டிவலிக்கு முழு மார்க்

போன திங்கக்கெழம காலையில நம்ம வூட்டு ஹால்ல ஒரு கவரப் பிரிச்சிது என் மருமவ தேன்மொழி. உள்ள இருந்த பேப்பருங்கள ஒண்ணொண்ணா பாத்துச்சி. அப்படியே தலையில கைய வெச்சிக்கினு ஒக்காந்துருச்சி.

"இன்னாம்மா ஆச்சி?"ன்னேன்.

"மாமா... ஒத்தடம் குடுத்து எல்லாருக்கும் முட்டிவலிய ஜாஸ்தி பண்ணிட்டேன்."

எனக்கு எழுத வராதுன்னு உங்களுக்குத் தெரியும். நான் பேசறேன், போனு எழுதிக்குது. அன்னிக்கி அந்தப் பொண்ணு மூஞ்சி இருந்த இருப்ப எந்தப் போனாலயும் எழுத முடியாது.

தேன்மொழி நர்ஸு. அதுக்கு மேல இன்னொரு படிப்பு படிக்குது, திண்டிவனம் பக்கம் ஒரு காலேஜுல. தெனம் விழுப்புரத்துலேர்ந்து பஸ்ஸு. விக்கிரவாண்டி டோல்கேட்ல வண்டி நிக்கற நேரத்துல கூட பொஸ்தகத்தப் பிரிச்சிக்கும். கடைசி வருஷம் ஒரு ஆராய்ச்சி பண்ணி எழுதிக் குடுத்தாத்தான் பட்டம். வெள்ளிக்கெழமைக்குள்ள குடுக்கணும். இல்லன்னா ஒரு வருஷம் போச்சு.

ஆராய்ச்சி இன்னான்னா — உப்பு வறுத்து, துணியில கட்டி ஒத்தடம் குடுத்தா முட்டிவலி கொறையுதா, இல்லியா? இத எங்க அம்மாவக் கேட்டிருந்தா ஒரு நிமிசத்துல சொல்லியிருக்கும். ஆனா காலேஜுல அம்மா சொன்னா ஒத்துக்க மாட்டாங்களாம். நம்பரு வேணுமாம்.

அதுக்கு எங்க ஊரு கெடாருக்குப் போச்சு. நான் பொறந்த ஊரு. மல்லாட்டை, அதான் வேர்க்கடல, புடுங்கற பொம்பளைங்க, நாள் பூரா குந்திக்கினே வேல செய்றவங்க... முட்டிவலிக்கா பஞ்சம்? நாப்பது பேரப் புடிச்சிது. இருபது பேருக்கு ரெண்டு வாரம் ஒத்தடம். மீதி இருபது பேருக்கு ஒண்ணும் கெடையாது, சும்மா. அவங்களுக்கு எல்லாம் முடிஞ்சப்பறம் குடுக்கறதா பேச்சு. மொதல்ல ஒரு தபா, கடைசியில ஒரு தபா, பத்துக்கு எத்தினின்னு கேட்டு எழுதிக்கணும்.

கடைசித் தபா தேன்மொழி கேக்கக் கூடாதாம். அது கேட்டா அதுக்குத் தோதா கேட்டுடுமாம்! அதனால கூடப் படிக்கற வேற ஒரு பொண்ணு வந்துச்சி. வெளியூருப் பொண்ணு, வாயே தெறக்காது. சொன்னத எழுதி, கவருல போட்டு ஒட்டிக் குடுத்துட்டுப் போயிடுச்சி.

பாத்தீங்களா, எவ்ளோ உஷாரா பண்ணியிருக்காங்க? எல்லாத்தையும் யோசிச்சவங்க ஒண்ண மட்டும் யோசிக்கல.

என்னைய யோசிக்கல.

அந்தப் பொண்ணு வர்றதுக்கு மொத நாளு நான் கெடாருக்குப் போனேன். யாரும் கூப்புடல, நானாதான் போனேன். நாப்பது வூட்டுப் படியும் ஏறினேன். "நாளைக்கி ஒரு பொண்ணு வந்து பத்துக்கு எத்தினின்னு கேக்கும். நம்ம வூட்டு மருமவ படிப்பு அதுலதான் இருக்குது. பாத்துப் போடுங்க"ன்னு சொல்லிட்டு வந்தேன். நாலு வூட்டுல காப்பி. ஒரு வூட்டுல கேப்பக் கூழு, மோரு மொளகாயோட. அந்தக் கூழ இன்னொரு வாரம் பேசிக்கலாம்.

இப்ப கவரு பிரிச்ச எடத்துக்கு வாங்க. நான் எட்டிப் பாத்தேன். பத்து, பத்து, பத்து... எனக்கு நெஞ்சு நெறஞ்சி போச்சு. நம்ம ஜனம்னா சும்மாவா?

"அல்லாம் முழு மார்க்கு போட்டிருக்காங்களேம்மா! இதுக்குப் போயி அழுவுறியே?"

தேன்மொழி மெதுவா நிமிந்து பாத்துச்சி.

"மாமா. வலியே இல்லன்னா பூஜ்யம். உசுரு போற வலின்னா பத்து... நீங்க யாருகிட்டயாவது எதனா சொன்னீங்களா?"

நான் ஃபேனப் பாத்தேன்.

அது நேரா போன எடுத்து கெடாரு முனியம்மாவக் கூப்புட்டு, எனக்குக் கேக்கற மாதிரி ஸ்பீக்கருல போட்டுச்சி. முனியம்மா ஒத்தடம் வாங்கின ஆளு.

"அத்தை, முட்டி எப்படி இருக்குது?"

"தேவலாம் கண்ணு. ஞாயித்துக்கெழம மயிலம் மல ஏறிட்டு வந்தேன்னா பாத்துக்கோ!"

"அப்பறம் ஏன் பத்துன்னு சொன்னீங்க?"

"பின்ன? ஒனக்குப் போயி ரெண்டு மூணுன்னு போட மனசு வருமா? பதினொண்ணு போட்டுக்கோன்னுதான் சொன்னேன். அந்தப் பொண்ணுதான் முடியாதுன்னுட்டா. பேஜாரு புடிச்ச பொண்ணு."

இதுல இன்னொரு கூத்து. ஒத்தடம் குடுக்காத இருபது பேரு இருக்காங்களே, அவங்களும் பத்து! குடுக்கலன்னா இன்னா, நம்ம புள்ளதானேன்னு போட்டிருக்காங்க. ஆக, ஒத்தடம் குடுத்தாலும் வலி ஏறுது, குடுக்காட்டியும் ஏறுது.

நாப்பது பேருல ஒரே ஒருத்திதான் பூஜ்யம். பச்சையம்மா.

என் பங்காளி பொண்டாட்டி. முப்பது வருஷத்துக்கு முன்ன என் மாடு அவ கேப்பக் கொல்லையில பூந்துச்சி. அன்னியிலேர்ந்து பேச்சு வார்த்த கெடையாது. நான் படியேறினப்பவே கதவச் சாத்தினா. சாத்தின கதவுகிட்டயே சொல்லிட்டு வந்தேன். மறுநாளு அந்தப் பொண்ணுகிட்ட, "அந்தாளு மருமவளுக்கா? போட்டுக்கோ பூஜ்யம்"னு சொல்லியிருக்கா.

கணக்குப்படி பாத்தா, கெடாருல முட்டிவலி முழுசா கொணமானது பச்சையம்மாவுக்கு மட்டுந்தான். அவளுக்கு ஒத்தடமே குடுக்கல!

என் புள்ள சேகரு டிபன் சாப்புட்டுக்கினே சொன்னான்: "பத்தையெல்லாம் பூஜ்யமா மாத்திடு. பூஜ்யத்தப் பத்தாக்கிடு. யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்கும் அது நல்ல யோசனையாத்தான் பட்டுது. "ஆமாம்மா, ஜல்தியா மாத்திடு"ன்னேன்.

தேன்மொழி என்னப் பாத்து ஒண்ணு கேட்டுச்சி.

"மாமா, நாப்பது வருஷம் மல்லாட்டை மண்டியில எட போட்டீங்க. நல்ல மனுசன் மூட்டைன்னு ஒரு கிலோ ஏத்திச் சொன்னீங்களா?"

 மண்டியில என் மாமன் மூட்டைய எட போட்டிருக்கேன். "மாப்ள, பாத்துப் போடு"ம்பாரு. "தராசு பாக்கும் மாமா"ன்னு சொல்லிட்டு முள்ளு நிக்கற எடத்தத்தான் சொல்லுவேன். அதுக்காக அவரு என் கல்யாணத்துல கூட சாப்புடாமப் போனாரு. அப்பேர்ப்பட்ட நானு, மருமவளுக்குன்னு வந்தப்ப நாப்பது வூட்டுத் தராசுலயும் கைய வெச்சிருக்கேன்.

செவ்வாக்கெழம அது கூடவே பஸ்ஸு ஏறினேன். சொல்ல வேண்டியத நானே சொல்லிடறேன்னு.

தேன்மொழிக்கு வழிகாட்டற மேடம் கண்ணாடியக் கழட்டி வெச்சிட்டு முழுசா கேட்டாங்க.

"ஐயா, நீங்க சொன்னதுக்காக எத்தன பேர் பத்து போட்டாங்க?"

"பச்சையம்மா தவிர எல்லாரும் மேடம்."

அவங்க கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கினாங்க. தோளு குலுங்குச்சி. அழுவுறாங்களோன்னு நெனச்சேன். அப்பறந்தான் தெரிஞ்சிது, சிரிப்பு.

திரும்பி தேன்மொழியக் கேட்டாங்க: "தரையில இருந்து எழுந்திருக்கற நேரம் எடுத்தோமே, அது இருக்கா?"

இருந்துச்சி. வாட்ச்ச வெச்சிக்கினு, கீழ குந்தினவங்க எழுந்து நிக்க எவ்ளோ நேரம் ஆவுதுன்னு ரெண்டு தபாவும் எடுத்திருக்காங்க. அந்தச் சங்கதி எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அதுக்கும் வூடு வூடா போயிருப்பேன்! அதுல ஒத்தடம் குடுத்தவங்க கொஞ்சம் சுருக்கா எழுந்திருக்காங்க. கொஞ்சந்தான். ரொம்ப இல்ல.

"பத்துன்னு இருக்கறத பத்துன்னே எழுது. ஏன் பத்து ஆச்சுன்னும் எழுது. இதையும் எழுது. எதையும் மறைக்காத"ன்னுட்டாங்க மேடம்.

மூணு நாளு எழுதுச்சி. சேகரு சோறாக்கினான். நான் ஹால் பக்கமே போவல. எதனா ஒதவி பண்ணிடுவேனோன்னு பயம்.

வெள்ளிக்கெழம குடுத்தாச்சு. வாங்கிக்கினாங்க. சாயங்காலம் தேன்மொழி அந்த ஆராய்ச்சிப் பொஸ்தகத்துல ஒண்ணக் கொண்டாந்து, "மாமா, இதுல நீங்க இருக்கீங்க"ன்னுது.

"எங்க? படிச்சிக் காட்டு!"

கடைசி அத்தியாயத்துல, ஆராய்ச்சியில இருக்கற கொறையெல்லாம் சொல்ற எடம். மொதக் கொற, ஆளுங்க கம்மி. ரெண்டாவது, நாளு கம்மி. மூணாவது — 'ஆய்வாளரின் மாமனார் முன்கூட்டியே தலையிட்டதால் வலி மதிப்பெண்கள் நம்பத்தக்கவையாக இல்லை.'

"பேரு போடலியாம்மா?"

"பேரு போடக் கூடாது மாமா. ரகசியம் காக்கணும்."

சரி, இருக்கட்டும். எழுவது வயசுல மொத தபா பொஸ்தகத்துல வந்திருக்கேன். சும்மா இல்லாம பக்கத்தப் பொரட்டச் சொன்னேன். ஊரோட ஒத்துப் போவாத அந்த ஒரே பூஜ்யத்தப் பத்தி தனியா வெளக்கம் எழுதியே ஆவணுமாம்.

எனக்கு ஒரு வரி. பச்சையம்மாவுக்கு ஒரு முழுப் பக்கம்!