நூற்றுக்கு அறுபத்திரண்டு

என் தங்கை நோட்புர்கா போராடி ஜெயித்தவை: பையன்கள் மட்டுமே படித்துவந்த தொழிற்பள்ளியில் ஓர் இடம். பட்டதாரிகள் பதினொரு பேர் மனுப் போட்டிருந்த ஆய்வுக்கூட டெக்னீஷியன் வேலை. லேசர் அறையின் சாவி. கடைசியாக, டாக்டர் எக்கார்ட்டின் முகம் வெளுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற வாய்ப்பு.

நான் இன்ஸ்ப்ரூக்கில் கேபிள் கார் மெக்கானிக். பள்ளிப்படிப்பு ஒன்பது வருடத்தோடு சரி. நோட்புர்காவை எல்லோரும் புர்கி என்போம். புர்கி சொன்னதை நோட்டில் எழுதி, அவளிடமே படித்துக்காட்டித் திருத்திக்கொண்டேன்.

அவள் ஆய்வுக்கூடத்தில், குவாண்டம் கணினியில் இருக்கும் ஓர் அயனியை லேசரால் தட்டித் திருப்புவார்கள். ஒவ்வொரு தட்டும் கணக்கில் ஒரு படி. அது எத்தனை துல்லியமாக விழுகிறது என்று அளப்பது புர்கியின் வேலை. ஆறு வருடம் அவள் அளந்தாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது கூடத்தின் தலைவர் எக்கார்ட். கையெழுத்தில்லாத தாள் அங்கே செல்லாது. பட்டமில்லாதவள் போடக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம்.

பத்தாயிரம் தட்டுக்கு இரண்டே பிழை என்பது அவர் பெருமை. வலப்பக்கம் ஒரு தட்டு, உடனே இடப்பக்கம் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றித்தான் அவர் அளப்பார். ஒரு கூட்டத்தில் புர்கி எழுந்தாள்.

"சார், தட்டு கொஞ்சம் கூடுதலா விழுது. போறப்பவும் கூடுதல், வர்றப்பவும் கூடுதல். ஒண்ணை ஒண்ணு அடிச்சிடுது. அதான் தப்பு தெரியல."

"கேபிள் மாட்டறது மட்டும் உன் வேலை, புர்கி. அதுவும் பிடிக்கலைன்னா உங்கண்ணனோட கேபிள் கார்ல போய் மாட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். போல்ட்டை வலப்பக்கம் அரைச் சுற்று கூடுதலாக முறுக்கி, இடப்பக்கமும் அரைச் சுற்று கூடுதலாகத் திருப்பினால் பழைய இடத்துக்கே வரும். இது எனக்கே புரிகிறது. அன்று இரவு அவள் வீட்டில் இதைச் சொன்னதும், அந்த ஆளைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கோட்டை எடுத்தேன்.

"நீ உக்காருண்ணே. சிரிச்சது பதினாலு பேர். பேர் சொல்லட்டுமா? அவர் ஊரைக் கூட்டி வெச்சுப் பீத்திக்கட்டும். அப்பறம் அளக்கறேன்."

பதினான்கு மாதம் வாயைத் திறக்கவில்லை. வியன்னாவிலிருந்து நிதிக்குழு வந்தது. எக்கார்ட் தன் இரண்டு பிழையைப் பெரிய திரையில் போட்டார். குழுவின் தலைவி கேட்டார்: "குலுக்கல் முறையில அளந்தீங்களா?"

தட்டுகளைக் குலுக்கல்போல் தேர்ந்தெடுத்து நூறு நூறு தட்டுகள் கொண்ட வரிசைகளாகக் கோப்பார்கள். கடைசித் தட்டு மட்டும் அயனியைப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவரும்படி கணக்கிட்டது. எத்தனை முறை திரும்பி வருகிறது என்று எண்ண வேண்டும். இதில் பிழைகள் ஒன்றையொன்று மறைக்க முடியாது.

"அதுக்கெல்லாம் இன்னிக்கு நேரமில்ல," என்றார் எக்கார்ட்.

"அதுக்குப் புரோகிராம் எழுதி வெச்சிருக்கேன் சார். ஒரு பட்டன்தான்," என்றாள் புர்கி.

நூறு வரிசை என்றால் பத்தாயிரம் தட்டு; அவர் சொன்ன இரண்டு பிழை சரியென்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வரிசை திரும்ப வேண்டும். அறுபத்திரண்டுதான் வந்தது.

"இருக்கறதே ரெண்டு நிலைதான், கண்ணை மூடிட்டுச் சொன்னாலே அம்பது வருமே," என்றார் தலைவி.

"லேசர் இன்னிக்கு சரியில்ல."

"காலைல நீங்கதானே சார் சரி பாத்தீங்க? அதே லேசர்ல, இப்பவே, உங்க முறைலயும் எடுத்திருக்கேன். தொண்ணூத்தெட்டு. ரெண்டும் ஒரே தாள்ல இருக்கு. கையெழுத்து?"

"இதுல நான் போட மாட்டேன்."

"செல்லாத தாளை நாங்க எடுத்துட்டுப் போக முடியாது. அளந்தவங்க போடட்டும்," என்றார் தலைவி.

சிரித்த பதினான்கு பேரும் அங்கே இருந்தார்களா என்று பிறகு கேட்டேன்.

"பன்னெண்டு பேர்தான். மிச்ச ரெண்டு பேருக்கும் தாளை மெயில்ல அனுப்பிட்டேன்."

எக்கார்ட்டிடமே பேனாவைக் கேட்டு வாங்கினாளாம். நோட்புர்கா பிராக்ஸ்மாரர் என்று முழுப்பெயரையும் நிதானமாக எழுதி, கீழே தேதி போட்டாள்: 23 நவம்பர் 2018.