காது மடலில் ஒரு சொட்டு சில்வர்

மன்னார்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் எனக்கு இரண்டு ஊர்கள் தெரியும். ஒன்று எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற ஊர். இன்னொன்று பெயிண்டுக்கு அடியில் இருப்பது. வக்கீல் வீட்டுப் பலகைக்கு அடியில் சர்க்கஸ்காரர்களின் சிங்கம் ஒன்று படுத்திருக்கிறது. கல்யாண மண்டபத்து 'நல்வரவு'க்கு அடியில் யாரோ ஒரு பெரியவரின் கண்ணீர் அஞ்சலி. உரக்கடைக்கு அடியில், தோற்றுப்போன ஒரு வேட்பாளர் இன்னும் கைகூப்பிக்கொண்டே இருக்கிறார். அவர்கள் எல்லோர் மேலும் வெள்ளை அடித்தவன் நான். சிங்கத்தின் கண்ணை மூடியது என் கை.

குளக்கரைக்குப் பின்னால் இருந்த போர்டு எழுதும் கடையில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். சேரும்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கடையில் நாங்கள் மூன்று பேர். கடைக்குச் சொந்தக்காரர் மாஸ்டர். படம் போடுவது அவர் வேலை. எழுத்து எழுதுவது அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர் என்பதால் அண்ணன். வடக்கே நாலு மைல் தள்ளி ஒரு கிராமத்தின் காலனித் தெருவிலிருந்து சைக்கிளில் வருவார். நான் கிரவுண்டு அடிப்பவன். தகரத்தைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, எழுத்து வந்து உட்கார்வதற்கான தரையைத் தயார் செய்ய வேண்டும்.

அந்தக் கடையில் மனிதர்களைவிடக் கருவிகளுக்கு மரியாதை அதிகம், அதனால் கேலியும் அதிகம். எழுதும்போது கை நடுங்காமல் இருக்க மணிக்கட்டைத் தாங்கும் ஒரு கம்பு உண்டு, நுனியில் துணிப்பந்து கட்டியது. அதன் பெயர் மாப்பிள்ளை. எப்போதும் சாய்ந்தே இருக்கும், ஒரு வேலையும் செய்யாது, அது இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. பெயிண்டை எல்லாம் குடித்துவிட்டுச் சுவரில் ஒன்றும் காட்டாத பெரிய பிரஷுக்கு மந்திரி என்று பெயர். ஆட்சி மாறினாலும் அந்தப் பெயர் மாறவில்லை. இன்னொன்று தாசில்தார். அதன் முடி விறைத்துக் கிடக்கும், டர்பன்டைன் ஊற்றி நனைத்தால்தான் நகரும். அணில்முடி பிரஷ் இரண்டுக்கு மட்டும் பட்டப்பெயர் கிடையாது. அவை அண்ணனுடையவை. எழுதி முடித்ததும் தேங்காயெண்ணெய் தொட்டு, நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி, சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. யார் தப்பு செய்தாலும், எந்தக் கலரில் தப்பு நடந்ததோ அந்தக் கலரை ஒரு சொட்டு எடுத்து அவர் காது மடலில் வைத்துவிடுவோம். அன்று டீ வாங்கப் போக வேண்டியவர் அவர்தான், அதுவும் துடைக்காமல். டீக்கடைக்காரர் காதைப் பார்த்ததும், "என்ன தப்பு?" என்று கேட்பார். உள்ளதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டீ கிடைக்காது.

மாஸ்டரும் தப்பவில்லை. ஒருநாள் நகைக்கடை போர்டில் ஒரு மயிலை முடித்துவிட்டு, தூரத்திலிருந்து பார்க்கப் பின்னாலேயே நடந்து போய் வெள்ளைப் பெயிண்ட் தட்டில் உட்கார்ந்துவிட்டார். காதில் வெள்ளைச் சொட்டு, பின்னால் வெள்ளை வட்டம். நிமிர்ந்த நடையோடு தெருவைக் கடந்தார்.

"என்ன மாஸ்டர், இன்னைக்கு நீங்களா? என்ன தப்பு?"

"மயிலு ரொம்ப அழகா வந்துருச்சுய்யா. அதான் தப்பு."

டீயைக் கடையில் நின்று குடிக்க மாட்டோம், தூக்குவாளியில் வாங்கி வருவோம். டீக்கடையில் அண்ணனுக்கு மட்டும் கம்பியில் தனியாக ஒரு கிளாஸ் தொங்கியது. மாஸ்டர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருநாள் தூக்குவாளியும் ஒரே மாதிரி மூன்று டம்ளரும் வாங்கிவந்து வைத்தார், அவ்வளவுதான்.

அது நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பண்ணைகள் நிலத்தைப் பங்கு போட்டு எழுதிக்கொண்டிருந்த காலம். மச்சினன் பெயருக்கு, கோயில் பெயருக்கு, சமையல்காரர் பெயருக்குக்கூட. பெயர் மாறியதும் வயல் முனையில் போர்டு நடுவார்கள். இந்த நிலம் இன்னாருக்குப் பாத்தியப்பட்டது, அத்துமீறி நுழைபவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும். இந்தப் பக்கம் விவசாயச் சங்கத்துக்காரர்கள் மாநாட்டு வளைவுக்கு எழுதக் கொடுப்பார்கள். மாநாடு முடிந்ததும் அந்தத் தகரங்கள் எங்களுக்கே திரும்பி வரும். அவற்றின் மேல் வெள்ளை அடித்து அடுத்தவருக்கு எழுதிக் கொடுப்போம். தகரத்துக்குக் கட்சி கிடையாது என்பார் மாஸ்டர்.

ஆனால் சிவப்புக்கு ஞாபகம் உண்டு. மற்ற எந்தக் கலர் மேலும் வெள்ளை அடித்தால் அது அடங்கிவிடும். சிவப்பு மட்டும் வெயில் பட்டால் வெள்ளையின் வழியாகக் கசிந்து மேலே வரும். நாலு கோட்டு அடித்தாலும் வரும். அதனால் சிவப்பு எழுத்தின் மேல் முதலில் சில்வர் பெயிண்ட் ஒரு கோட்டு அடித்து, அது காய்ந்த பிறகுதான் வெள்ளை. சில்வர் அடித்தால் சிவப்பு செத்தது என்று அர்த்தம். கிரவுண்டு அடிப்பவன் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

ஒரு புரட்டாசிக் காலையில் ஒரு பண்ணையின் காரியஸ்தர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நாளை மறுநாள் தாசில்தார் வயலைப் பார்க்க வருகிறார், அதற்குள் போர்டு நட்டாக வேண்டும் என்றார். இடத்தைச் சொன்னதும் மாஸ்டர் அண்ணனைப் பார்த்தார். அண்ணனின் தங்கை வீட்டார் பத்து வருஷமாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்த நிலம் அது. வெளியேறச் சொல்லி ஒரு மாதமாகத் தகராறு.

காரியஸ்தர் போனதும் மாஸ்டர், "நீ தொட வேணாம்யா. நானே எழுதிக்கிறேன்" என்றார்.

"உங்க எழுத்து சாயும் மாஸ்டர். என் தங்கச்சியத் தொரத்துறதுதான் தொரத்துறானுவ, நேரான எழுத்துல தொரத்தட்டும்."

சிரித்தோம். எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் தொண்டையில் இருக்கிறது.

அளவுக்கு ஏற்ற தகரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சங்க மாநாட்டு வளைவில் இருந்து வந்தது. சிவப்பில், ஒரு முழ உயரத்தில், 'உழுபவருக்கே நிலம்' என்று அண்ணன் எழுதிய எழுத்து. வானம் மூடிக்கொண்டு வந்தது. சில்வர் டப்பாவைத் திறந்தேன். மேலே ஆடை கட்டியிருந்தது. அதைக் கிழித்து, கலக்கி, அடித்து, காய வைக்க வேண்டும். டப்பாவை மூடினேன். வெள்ளையை இரண்டு கோட்டு அடித்தேன்.

மழைக்குப் பயந்தேனா? சோம்பலா? அல்லது அந்தச் சிவப்பு எழுத்துகளைப் பார்த்தபோது கை தானாகவே மூடியை அழுத்தியதா? இருபத்தைந்து வருஷமாக அந்த மூடியைத் திறந்து பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் உள்ளே வேறு வேறு பதில் கிடக்கிறது.

அண்ணன் வந்தார். நீலப்பொடி தோய்த்த நூலின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனையை அவர். மாஸ்டர் நடுவில் சுண்டினார். வெள்ளையில் நீலக்கோடு விழுந்தது. அண்ணன் கொஞ்ச நேரம் தகரத்தையே பார்த்தார். விரல் நுனியால் ஓர் ஓரத்தைத் தடவினார். பிறகு கறுப்பைத் தொட்டு எழுத ஆரம்பித்தார்.

போர்டு நட்டார்கள், தாசில்தார் வந்தார், போனார். மழை ஏமாற்றிவிட்டு வெயில் பத்து நாள் கொளுத்தியது. வாய்க்கால் மதகுக்குப் பக்கத்து வயலில் நடவுக்கு இறங்கிய பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். கறுப்பு எழுத்துக்குப் பின்னால் ரோஸ் நிறத்தில் பெரிசு பெரிசாக வேறு எழுத்துகள் எழுந்து வந்துகொண்டிருந்தன. படிக்கத் தெரிந்த ஒருத்தி படித்துச் சொல்லியிருக்கிறாள். நாற்று முடியைப் போட்டுவிட்டு எல்லோரும் கரையேறி நின்று சிரித்தார்களாம்.

"ஏ காரியஸ்தரே, அய்யா போர்டு போட்டே எழுதிக் குடுத்துட்டாருல்ல! இன்னும் என்ன வரப்புல நின்னு மொறைக்கிறீரு?"

அந்தச் சிரிப்பைத்தான் பண்ணையால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். ஜீப் ஒன்று கடை வாசலில் நின்றது. காரியஸ்தரும் இரண்டு ஆட்களும் இறங்கினார்கள். மாஸ்டர் திருவாரூர் போயிருந்தார்.

"எவன்டா அந்த போர்ட எழுதுனது?"

கிரவுண்டு யார் அடித்தது என்று கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் அப்படிக் கேட்கவில்லை. போர்டைப் பார்ப்பவர்களுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும்.

"நான்தாங்க எழுதுனேன்" என்றார் அண்ணன்.

"அந்தத் தெருக்காரன்தானே நீ? வேணும்னே பண்ணிருக்க."

"இல்லீங்க, பெயிண்டு கசிஞ்சிருக்கு. வந்து சரிபண்ணிக் குடுத்துர்றேன்."

நான் கையிலிருந்த உப்புத்தாளை மடித்தேன். மந்திரி, தாசில்தார், மாப்பிள்ளை எல்லாம் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்த சில்வர் டப்பாவ எடு."

எடுத்துக் கொடுத்தேன். அவர் மூடியைத் திறந்தார். ஆடை கிழியாமல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூடியை மூடினார்.

"ஒரு கோட்டு போட்டா செத்துரும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

களத்துமேட்டில் அந்த ஆட்கள் அவரைப் பெயிண்ட் அடிக்க விடவில்லை. வலது கையை உலக்கையின் மேல் வைத்து மிதித்தார்கள். மணிக்கட்டும் இரண்டு விரலும் முறிந்தன. சாயங்காலம் தங்கை புருஷன் அவரைத் துண்டில் சுற்றிய கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போலீஸில் எழுதிக்கொண்டார்கள். வழக்கு நடந்தது என்று சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. எலும்பு கூடியது, ஆனால் அந்த இரண்டு விரலும் மடங்கவில்லை.

மாசியில் திரும்பி வந்தார். மாஸ்டர் எதுவும் கேட்காமல் வேலையை மாற்றிக் கொடுத்தார். இனி அண்ணன் இடது கையால் கிரவுண்டு அடிப்பார். எழுத்து நான் எழுத வேண்டும். அண்ணன் சட்டைப் பையிலிருந்து அணில்முடி பிரஷ் இரண்டையும் எடுத்து என் முன்னால் வைத்தார். எண்ணெய் தொட்டுக் கூராகத்தான் இருந்தன.

முதல் போர்டு ஒரு மருந்துக் கடைக்கு. நூலைப் பிடித்தோம். இழுத்துக் கட்டிய நூலில் எதிர்முனையின் கை தெரியும். அவர் முனையிலிருந்து ஒரு நடுக்கம் நூல் வழியாக வந்து என் விரலில் முடிந்தது. மாஸ்டர் சுண்டினார். கோடு இரட்டையாக விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி பிடித்தோம்.

"அண்ணே" என்றேன்.

அவர் நூலைக் கீழே வைத்தார். அலமாரியிலிருந்து புது சில்வர் டப்பாவை எடுத்து, முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, இடது கையால் திறந்தார். ஆள்காட்டி விரலை நனைத்தார். என் வலது காதைப் பிடித்து, மடலில் ஒரு சொட்டு வைத்தார். சில்லென்று இருந்தது.

"டீ வாங்கிட்டு வா" என்றார்.

மாஸ்டர் மயிலோ மாடோ எதையோ வரைவதுபோல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தூக்குவாளியோடு தெருவைக் கடந்தேன். பங்குனிக்கு முந்தின வெயில். காதில் சில்வர் மின்னியிருக்க வேண்டும், டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"அட, இன்னைக்குத் தம்பியா? வெள்ளித்தோடு போட்டுருக்கு பாரு! என்ன தப்பு?"

"சில்வர் அடிக்க மறந்துட்டேன்" என்றேன்.

"பூ, இவ்வளவுதானா" என்று சிரித்து டீயை ஆற்றி ஊற்றினார். பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர்களுக்கு அது சின்னத் தப்பு. கம்பியில் அண்ணனின் கிளாஸ் தூசி படிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து மூன்று டம்ளரில் ஊற்றினேன். அண்ணன் தன் டம்ளரை இடது கையில் வாங்கினார்.

"கேட்டாரா?"

"கேட்டாரு."

"என்ன சொன்ன?"

"சில்வர் அடிக்க மறந்துட்டேன்னு சொன்னேன்."

அவர் டீயை ஊதினார். ஒரு வாய் குடித்தார். அவர் குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆசை மட்டும்தான் இருந்தது.

"மறந்துட்டியா?"