வெளியே ஒரு பை

அறுவை சிகிச்சை வார்டின் மூத்த நர்ஸுக்குச் சக ஊழியர்கள் வைத்த பட்டப்பெயர் 'திருப்பிச் சொல்லு'. இருபத்தாறு வருட வேலையில் முதல் இருபது வருடம் அவரும் எல்லோரையும் போலத்தான். பெருக்கல் குறி போட்ட இடத்தைக் காட்டுவார், நோயாளி கையெழுத்துப் போடுவார். ஆறு பக்கச் சம்மதப் படிவத்தை முழுசாகப் படித்த மனிதர் உலகில் உண்டென்றால் அது அச்சுக்கோத்தவர்தான்; அவரும் சந்தேகம்.

பிறகு நர்ஸுக்கே பித்தப்பையில் கல். படிவத்தை நீட்டினார்கள், படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த வெட்கம் கல்லைவிட அதிகம் வலித்ததாம். அன்றிலிருந்து சட்டம்: என்ன செய்யப்போகிறார்கள் என்று நோயாளி தன் வாயால் சொன்னால்தான் படிவம் அவர் மேஜையை விட்டு நகரும்.

ஒருநாள் காலை, குடலில் கட்டியோடு ஒரு லாரி டிரைவர்.

"அண்ணே, என்ன பண்ணப்போறாங்க? சொல்லுங்க."

"கட்டிய எடுத்துட்டு வெளியே ஒரு பை வைப்பாங்களாம். ஆஸ்பத்திரிப் பை எப்படியிருக்குமோன்னு நாங்களே கொண்டாந்துட்டோம்."

கட்டிலடியிலிருந்து ஜிப் வைத்த புதுப் பை வந்தது. "கெட்டித் துணி சிஸ்டர்" என்றார் மனைவி.

நர்ஸ் சிரிக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் போட்டார். சர்ஜன் பச்சை உடையோடு வந்து நின்றார்.

"நேத்தே தெளிவா சொன்னேனே! தலையாட்டினாரே?"

"தலை ஆடுச்சு சார். விஷயம் உள்ளே போகல."

"மயக்க டாக்டர் காத்துக்கிட்டிருக்காரு."

"இருக்கட்டும் சார். இவரு கண்ணு முழிச்சு வயித்துல பையப் பாத்தா யாரைக் கேப்பாரு?"

சர்ஜன் உட்கார்ந்தார். குடலின் முனையை வயிற்றில் துளையிட்டு வெளியே எடுப்போம், மலம் அங்கே ஒட்டிய பையில் சேரும், பெரும்பாலும் மூன்று மாதத்தில் மறுபடி உள்ளே சேர்த்துவிடலாம் என்றார். மனைவி துணிப் பையை மறுபடி கட்டிலடியில் தள்ளினார். டிரைவர் அடிவயிற்றைத் தொட்டார்.

"எங்க வைப்பீங்க? இங்கயா? இங்கதானே சார் பெல்ட் உரசும், ஸ்டியரிங் இடிக்கும்?"

சர்ஜன் நினைத்திருந்ததும் அதே இடம். ஸ்டூலில் உட்காரச் சொல்லி, டிரைவர் காற்றிலேயே ஸ்டியரிங் பிடிக்க, இரண்டு விரல் மேலே மையால் புள்ளி வைத்தார்.

"இத நேத்தே சொல்லக்கூடாதா?"

"நேத்து எங்க சார் கேட்டீங்க?"

"பண்ணலேன்னா என்னாகும்?" என்றார் மனைவி.

"கட்டி குடலையே அடைச்சுடும்மா. அப்ப அவசரத்துல பண்ணணும். அது இன்னும் ஆபத்து."

"நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம் பேசிக்கிறோம்" என்றார் டிரைவர்.

சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார். நர்ஸ் சர்ஜனைப் பார்த்தார். அடுத்த கட்டில்காரர் முதலில் போனார், தன் குடலிறக்க ஆபரேஷனை முழுசாக ஒப்பித்த பிறகுதான்.

மதியம் ஒன்றேகாலுக்கு டிரைவர் எல்லாவற்றையும் தன் வாயால் சொல்லிவிட்டுப் பேனா கேட்டார்.