இராசமணியைக் கடலுக்குக் கூட்டிப்போன நாள்

எங்கள் தீவில் ஆறு கிடையாது. தண்ணீர்க் கரையில் ஒரு பகல் சும்மா இருந்துவிட்டு வரவேண்டுமென்றால் கடலுக்குத்தான் போகவேண்டும். அந்தக் கடலையும் நாரந்தனை இராசமணி பார்த்துப் பல வருடம். சீனி வருத்தத்தில் இரண்டு காலையும் முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். செத்துப்போன தம்பியின் வீட்டு விறாந்தையில்தான் அவளுடைய சீவியம். தம்பியின் மனைவி அஜந்தா அவளை வைத்துப் பார்க்கிறாள் என்று ஊர் புகழ்கிறது. புகழ்கிறவர்கள் யாரும் அந்த வீட்டில் ஒருநாள் இருந்து பார்த்தவர்களில்லை.

கனடாவிலிருந்து வந்திருந்த அஜந்தாவின் மகன் சயந்தன், நயினாதீவு அம்மன் தேருக்கு மாமியையும் கூட்டிப்போவதாக வாய்விட்டுவிட்டான். இராசமணி அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை. அவ்வளவு சந்தோசம்.

அஜந்தா விடுவாளா? "முந்தி ஆஸ்பத்திரிக்குப் போகேக்கை வாகனத்துக்கையே சலம் போனவ. பம்பர்ஸ் கட்டுங்கோ எண்டால் நான் என்ன குழந்தையோ எண்டு கேக்கிறா. முதல் வேலணைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் பாப்பம். அங்க மானத்தை வாங்காட்டி நயினாதீவுக்கும் கொண்டுபோகலாம்."

இராசமணி முதல்நாள் பின்னேரமே தண்ணீரை நிறுத்திவிட்டாள். விடியத் தேத்தண்ணியையும் தொடவில்லை. தேர் பார்க்கிற ஆசை அவளை அப்படி ஆட்டியது.

கடற்கரையில், இராசமணியை வைத்துத் தள்ளிவந்ததுபோன்ற சில்லுக் கதிரை இறங்கவென்று புதிதாகச் சீமெந்துச் சரிவு போட்டிருந்தார்கள். மலசலகூடக் கதவிலும் கதிரைப் படம் கீறியிருந்தது. அஜந்தா மணலில் அடுப்பு மூட்டி, நண்டும் மீனும் போட்டு ஒடியற்கூழ் காய்ச்சினாள். பனையோலைப் பிளாவில் வார்த்து எல்லோருக்கும் கொடுத்தாள்.

"எனக்கு வேண்டாம், பிள்ளை."

கூழ்ப் பானையைச் சுற்றி இருந்துவிட்டுக் குடிக்காதவர் எங்களோடு கோபம் கொண்டவர். செத்த வீட்டுக்கு வராததைக்கூட மன்னிப்போம், இதை மன்னிக்கமாட்டோம். அஜந்தாவின் முகம் கறுத்தது. "நான் காய்ச்சினது மச்சாளுக்கு இறங்காதாம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"மாமி, அங்க பாருங்கோ. உங்களுக்கெண்டே கக்கூஸ் கட்டி வைச்சிருக்கினம். பயப்பிடாமல் குடியுங்கோ" என்றான் சயந்தன்.

நம்பினாள். தாகம் வேறு. மூன்று பிளா குடித்தாள். உறைப்புக்கு மேலே ஒரு போத்தல் தண்ணீரும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, கடலைப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு, "தம்பி, ஒருக்கால் என்னைத் தள்ளிக்கொண்டு போவியே?" என்றாள்.

கதவில் ஆமைப்பூட்டு. யன்னலால் பார்த்தால் உள்ளே வாடகைக்கு விடுகிற பிளாஸ்டிக் கதிரைகள் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. திறப்பு வைத்திருக்கிறவர் இறுப்பிட்டியில் கலியாண வீட்டுக்குப் போயிருந்தார். மற்ற மலசலகூடத்துக்குப் படி ஏறவேண்டும்.

"என்னைத் தூக்கன், தம்பி."

"எனக்கு நாரி நோ, மாமி, குனிஞ்சு தூக்கேலாது. கொஞ்சம் அடக்குங்கோ, போன் எடுத்துப் பாக்கிறன்."

போன் மறுபக்கம் அடித்துக்கொண்டிருக்கும்போதே கதிரைக்குக் கீழே சொட்டத் தொடங்கிவிட்டது. இராசமணி சேலைத் தலைப்பைக் கீழே இழுத்து மறைக்கப் பார்த்தாள். புதுச் சீமெந்தில் அது நன்றாகத் தெரிந்தது.

"நான் சொன்னனானெல்லே!" என்று பானையடியிலிருந்து கத்தினாள் அஜந்தா. குளித்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

சயந்தனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கதிரையைச் சரிவால் உருட்டி, சேலையோடு அவளை இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிட்டான். "மாமி குளிக்கிறா எண்டு நினைப்பினம்" என்றான். பிறகு போனை எடுத்து, "சிரியுங்கோ மாமி" என்றான். அலை முகத்தில் அடித்தது. அவள் அழுதாள். படத்தில் அது கடல் தண்ணீராகத்தான் விழுந்தது.

'மாமியின் நீண்டநாள் ஆசை நிறைவேறியது' என்று எழுதி வீடியோவைப் போட்டான். லண்டனிலிருந்து சொந்தக்காரர் இராசமணிக்குப் போன் எடுத்து, "குடுத்து வைச்சனீங்கள் அக்கா, இப்பிடி ஒரு பிள்ளை ஆருக்குக் கிடைக்கும்?" என்றார்கள். "ஓம்" என்றாள் இராசமணி.

தேரன்று விடிய, தானே தவழ்ந்துபோய் அலுமாரியைத் திறந்து, பட்டுச் சேலையைச் சுற்றிக்கொண்டு விறாந்தையில் இருந்தாள். வாசலில் வந்து நின்ற வானுக்குள் ஏறப்போன சயந்தன் அதைக் கண்டு திகைத்து நின்றான்.

"உங்களைத்தானே மாமி அண்டைக்குக் கூட்டிக்கொண்டு போனது. எத்தினை பேர் அதைப் பாத்துப் புகழ்ந்தவை. இனி என்ன?"

அவன் ஏறியதும் அஜந்தா உள்ளேயிருந்து வானின் கதவை இழுத்துச் சாத்தினாள்.