சுற்றுலா ஹீப்ரு

எங்கள் ஹீப்ரு வாத்தியார் இஸ்ரேலைப் பார்த்தது ஒரே ஒரு புனிதப் பயணத்தில். சர்ச்காரர்களோடு பேருந்தில் சுற்றிவிட்டு வந்தவர். அந்தத் தகுதி போதும் என்று எங்களை அனுப்பவிருந்த ஏஜென்ட் முடிவு செய்துவிட்டார். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக்கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வகுப்பு. கட்டட வேலைக்கு இஸ்ரேல் போகத் தேர்வானவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து ஷாலோம், தோதா, பெவகஷா என்று ஒப்பிப்போம். வணக்கம், நன்றி, தயவுசெய்து. அது முடிந்தால் 'சூப் ருசியாக இருக்கிறது'. எங்களுக்கு யார் சூப் ஊற்றப்போகிறார்கள் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் மஸ்கட், ஜொகூர், சிங்கப்பூர் என்று அலைந்ததில் ஒன்று தெரியும். எந்த ஊர் சைட்டிலும் முதலில் கற்க வேண்டியது மேலிருந்து கத்துகிற சொல்லைத்தான். புக்கிட் பாஞ்சாங்கில் ஓர் அடுக்குமாடி வேலையில் மேலே நின்ற சீனர் என்னவோ கத்தினார். எனக்குப் புரியவில்லை. பலகை விழுந்தது. வலது தோள் இன்றும் முழுதாக உயராது. டைல்ஸ் ஒட்ட அது போதும்.

என்னோடு கிளம்பவிருந்த அறைத்தோழன் பொங்கோலில் புல் வெட்டிக்கொண்டிருந்தவன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அதுவரை அவன் தலைக்கு மேல் இருந்ததெல்லாம் மரமும் வானமும்தான். அவன் தலைக்காகத்தான் வகுப்பில் கேட்டேன்.

"சார், மேலேருந்து சாமான் விழுது, தள்ளிக்கோன்னு எப்படிச் சொல்றது?"

வாத்தியார் டையைச் சரிசெய்துகொண்டார். "அதெல்லாம் அங்க போனா தானா வரும் தம்பி. முதல்ல மரியாதை லா."

"தானா வர்றது பலகைதான் சார்."

வகுப்பு சிரித்தது. மன்னிப்புக் கேட்கும் சொல்லைச் சொல்லிக்காட்டி, என்னையும் சொல்லச் சொன்னார். நான் சொல்லவில்லை. என் தோழன் எனக்கும் சேர்த்து இரண்டு தடவை சொன்னான்.

அந்த வாரம் ஒரு பேரங்காடியில் கழிப்பறைக்கு டைல்ஸ் மாற்றும் வேலை. வெளியே சாக்கடல் உப்புக் களிம்பு விற்கும் இஸ்ரேல்காரி ஒருத்தி, போகிற பெண்களின் கையைப் பிடித்து இழுத்துத் தேய்த்துவிடுவாள். என் கையைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சிமெண்ட் தின்ற கைக்கு அவள் உப்பு உதவாது என்று அவளுக்கே தெரியும். அந்த மட்டில் நேர்மைக்காரி. வாத்தியாரிடம் கேட்டதையே அவளிடம் எனக்குத் தெரிந்த சைட் இங்கிலீஷில் கேட்டேன்.

"ஸெஹிரூத்" என்றாள். கவனம் என்று அர்த்தமாம். நான் மெதுவாகத் திருப்பிச் சொன்னேன். இப்படிச் சொன்னால் ஆள் செத்துப்போவான் என்று, அடிவயிற்றிலிருந்து கத்திக் காட்டினாள். செக்யூரிட்டி ஓடி வந்தார். வாத்தியாரின் மொத்த வகுப்பையும் அந்த ஒரு கத்தலுக்கு ஈடாக வைக்க முடியாது.

அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் போகவில்லை. நாங்கள் தங்கியிருந்த பூன் லே விடுதியின் பின்பக்கம் தோழனைக் கூட்டிப்போனேன். "ஸெஹிரூத்னு கத்துவேன். மேல பாக்காத, பதில் சொல்லாத, ஓடு" என்றேன்.

"சரிண்ணே."

கத்திக்கொண்டே செருப்பை எறிந்தேன். அவன் நின்று, நிமிர்ந்து பார்த்து, "என்னண்ணே?" என்றான். செருப்பு நெற்றியில் பட்டது.

கூப்பிட்டால் நின்று, முகம் பார்த்து, 'என்னண்ணே' என்று கேட்கும்படி வளர்க்கப்பட்ட சனம் நாங்கள். அதற்கு நல்ல வளர்ப்பு என்று பெயர். பலகைக்கு அது தெரியாது. திரும்பத் திரும்ப எறிந்தேன். ஒவ்வொரு முறையும் நிமிர்ந்தான், கேட்டான், வாங்கிக்கொண்டான். செருப்பைப் பொறுக்கித் தூசி தட்டி, இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தான். வாத்தியாருக்கு ஏற்ற மாணவன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பங்களாதேஷ்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"உன் பொண்டாட்டிகிட்ட நான் என்னடா சொல்றது? மரியாதையா செத்தான்னா?" என்றேன்.

அவன் முகம் மாறியது. "வீட்டுப் பேச்சு வேணாண்ணே."

ஸெஹிரூத் என்று கத்திக்கொண்டே செருப்பை எறிந்தேன். இந்த முறை அவன் நிமிரவில்லை, கேட்கவில்லை. விருட்டென்று விலகி நடந்து, விடுதிக்குள் போய்விட்டான். செருப்பு வெறும் தரையில் விழுந்தது.

சொல் பதிந்ததா, கோபம் பிடித்துத் தள்ளியதா, தெரியாது. அதற்குப் பிறகு அவன் என்னை அண்ணே என்று கூப்பிடவே இல்லை. அன்று என் செருப்பை நானே போய் எடுத்துக்கொண்டேன்.