முனை கருகிய வெள்ளை ஷூ

எங்கள் பள்ளி பி.டி. டீச்சரை நினைத்தாலே அவருடைய வெள்ளை கான்வாஸ் ஷூதான் முன்னால் வந்து நிற்கிறது. வலது கால் முனை கருகிய ஷூ. எத்தனை தடவை பாலிஷ் போட்டாலும் மறுநாளே அந்தக் கறுப்பு எட்டிப்பார்க்கும். அதில் என் பங்கும் உண்டு.

இலஞ்சித் தோப்பில் சாரணியர் முகாம். பெண்பிள்ளைகளை ஒரு ராத்திரி வெளியே தங்கவைக்க வீடு வீடாய்ப் போய்ச் சம்மதம் வாங்குவதற்குள் டீச்சருக்கும், அங்கே தமிழ் நடத்திக்கொண்டிருந்த எனக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. சாமான்கள் என் பொறுப்பு. உப்பு, புளி வரைக்கும் மறக்காமல் ஏற்றிய புத்திசாலி, ரம்பத்தையும் கோடாலியையும் பள்ளியிலேயே விட்டுவிட்டேன். தோப்புக் கொட்டகைக்குள் காய்ந்து கிடந்ததோ ஆள் நீளப் புளியங்கட்டைகள். வெளியே சாரல் விட்டபாடில்லை.

டீச்சர் திட்டவில்லை. "வெட்டுவானேன்? நுனிய மட்டும் தீயில வைப்போம். எரிய எரிய உள்ள தள்ளுவோம்" என்றார். கொட்டகை வாசலில் கல் கூட்டி, மூன்று கட்டைகளின் நுனிகளை ஒன்றுசேர்த்து, தென்னம்பாளையைச் செருகிப் பற்றவைத்தார். கை இரண்டும் சோற்றுப் பானையோடு மல்லுக்கட்ட, ஷூக்காலால் கட்டையைத் தள்ளிக்கொண்டே இருந்தார். அடுப்பு விறகில் கால் பட்டால் முதுகில் அடி விழும் வீட்டில் வளர்ந்தவள் நான். விறகைக் காலால் தள்ளுவது பாவம் என்று பிள்ளைகள் காதுபடவே சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. மறந்தது நான், பேச்சு வாங்கியது அவர். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சோறு பாதி வேகையில் ஒரு மாணவியின் அப்பா குடையோடு வந்து நின்றார். குற்றாலத்தில் புரோட்டாக் கடை வைத்திருப்பவர். மழையில் பிள்ளை பட்டினி கிடக்க வேண்டாம், கூட்டிப்போகிறேன் என்றார். ஒருத்தி கிளம்பினால் முகாமே கலைந்துவிடும். டீச்சர் பானையைக் கிளறினார். தீ தணிந்துகொண்டிருந்தது.

வந்தவர் அதைப் பார்த்துக் குடையை மடக்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலால் ஒரு கட்டையை உள்ளே தள்ளினார். தீ எழும்பியது. பிறகு குனிந்து, கட்டையின் சூடில்லாத முனையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கடையில நானும் இப்படித்தான் தள்ளுதேன் டீச்சர். கை ரெண்டும் வேலையா இருக்கும்லா" என்றார். சோறு வெந்ததும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் தனியாகவே பஸ் ஏறினார்.

டீச்சரிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. கேட்கலாம், கேட்கலாம் என்றிருந்தேன். போன வருடம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்த வருட முகாமில் சமையலுக்குக் கேஸ் வந்துவிட்டது. குளிர்காயத்தான் நெருப்பு. ரம்பத்தை வேண்டுமென்றேதான் எடுத்துவைக்கவில்லை. நீளக் கட்டையைக் காலால் தள்ளினேன். குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் ஷூவின் முனையும் கருகியிருந்தது.

பாலிஷ் போடவில்லை.