நின்றுபோன ரத்தம்

என் கூட்டாளி அந்தோணி தூத்துக்குடியில் சங்கு குளிப்பவன். காற்றுக் குழாயைப் பல்லால் கவ்விக்கொண்டு கடலுக்குள் இறங்குவான். படகிலிருந்து நான் குழாயைப் பார்த்துக்கொள்வேன்.

மகள் கெஞ்சியதால் சிகரெட்டை விட்டான். சில நாளில் ஈறில் ரத்தம் கசிந்தது. “விட்டதாலதாம்ல வருது. ஒண்ணு இழு, நின்னுரும்” என்று நானே பற்றவைத்துக் கொடுத்தேன். ரத்தம் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் டாக்டரிடம் போனோம். “ஈறு முன்னமே கெட்டிருக்கு. சிகரெட் ரத்தத்த மறைச்சிருக்கு, விட்டதும் தெரிஞ்சிருக்கு. அப்பவே வந்திருந்தா பல்லு தப்பிச்சிருக்கும். திரும்பக் குடிக்கச் சொன்னது யாரு?” என்றார்.

“நானாத்தான் குடிச்சேன் சார்” என்றான் அந்தோணி. பக்கத்தில் நின்ற நான் சுவரிலிருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்பற்கள் போன அவனால் குழாயைக் கவ்வ முடியாது. இப்போது இறங்குவது நான். “நல்லா கடிச்சிக்கோல” என்று குழாயை நீட்டுகிறான். அவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொள்கிறேன்.